வீட்டிலேயே கார்பன் ஃபிரேம்: அச்சா, ஃபோமா, குழாயா?

அக்கா மகன் போன மாதம் ஒரு நோட்டோடு கடைக்கு வந்தான். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். மலைச் சைக்கிளுக்குக் கார்பன் ஃபிரேம் ஒன்றைத் தன் கையாலேயே செய்யப் போகிறானாம். நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டிருந்தான்: அச்சில் வார்ப்பது, ஃபோமைச் செதுக்கி அதன்மேல் துணியைச் சுற்றுவது, குழாய்களை வெட்டிப் பொருத்தி மூட்டுகளில் மட்டும் சுற்றுவது. ஒவ்வொன்றுக்கும் கீழே எடை, செலவு, ஆகும் நாள். “மாமா, நீங்கள்தான் ஏற்கனவே ஒன்று செய்தவர் ஆயிற்றே, எது சரி என்று டிக் போட்டுக் கொடுங்கள்” என்றான்.

நான் செய்தது ஒன்றல்ல, இரண்டு. முதலாவது பரண்மேல் கிடக்கிறது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

டிக் போடவில்லை. நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, “தப்பு செய்தால் எப்போது தெரியும்?” என்று எழுதிக் கொடுத்தேன். எடையும் செலவும் எந்த வழியிலும் கொஞ்சம் முன்பின்தான் வரும். இந்தக் கட்டத்தில்தான் மூன்று வழிகளும் மலைக்கும் மடுவுக்குமாகப் பிரிகின்றன. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. சேலத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்துகிறவன் நான், பொறியாளன் அல்லன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கார்பன்தான் வேண்டுமா?

இரும்பாலை இருக்கிற ஊரில் எஃகு ஃபிரேம் செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் நம் ஆலையில் உருட்டுவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. சைக்கிளுக்கு வேண்டியது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த, சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான 4130 வகைக் குழாய். அதை வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். வந்துவிட்டால், பித்தளை வைத்து ஒட்டத் தெரிந்த நல்ல கேஸ் வெல்டர் போதும். எஃகு நம்மை ஏமாற்றாது: வளையும், மெல்ல விரியும், கீச்சிடும், பிறகுதான் உடையும். எடை இரண்டு கிலோவைத் தாண்டும், அவ்வளவுதான் குறை. முதல் ஃபிரேமை எஃகில் செய்வதே புத்திசாலித்தனம். புத்திசாலித்தனம்தான் முக்கியம் என்றால் கடையில் ஒன்றை வாங்கிவிடலாமே.

அலுமினியத்தை நினைக்கவே வேண்டாம். 6061 குழாயை வெல்டு செய்ததும் ஒட்டை ஒட்டிய பகுதியின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதை மீட்க, ஃபிரேம் முழுவதையும் 530 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, நீரில் முக்கி, பிறகு 170 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வைக்க வேண்டும். முக்கியதில் கோணிப்போனால் நிமிர்த்த வேண்டும். இது வீட்டு வேலை அல்ல.

மூங்கில் நல்ல பயிற்சி. மூங்கில் ஃபிரேமின் மூட்டும் நார், எபாக்ஸி (ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தோடு கலந்தால் கெட்டியாக இறுகும் பசை), சுற்று என்ற அதே வேலைதான். கை பழகுவதற்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் சரியாக உலராத மூங்கில் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நீளவாக்கில் வெடிக்கும். மலைக் கல்லில் குதிக்க அதை நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

கார்பன் இவற்றிலிருந்து வேறுபடுவது எடையால் மட்டும் அல்ல. எஃகின் அடர்த்தி 7.85, அலுமினியம் 2.7, கார்பனும் எபாக்ஸியும் சேர்ந்து இறுகியது 1.6க்குப் பக்கம். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் உலோகத்துக்கு எல்லாத் திசையிலும் ஒரே பலம். கார்பனில் பலம் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். இந்த வேலையின் ருசியும் ஆபத்தும் இங்கேதான்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் அப்பா. அம்மாப்பேட்டையில் நாற்பது ஆண்டு கைத்தறியில் உட்கார்ந்தவர். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கார்பன் துணி பார்சலில் வந்த அன்று, நான் பிரிப்பதற்குள் அவர் விரல் அதன் விளிம்பில் இருந்தது. “சாய்வு நெசவு. இரண்டுக்கு இரண்டு” என்றார். பாவு ஓடும் திசையில் இரு கையாலும் இழுத்தார், அசையவில்லை. ஊடைத் திசையிலும் அப்படியே. பிறகு மூலைவாக்கில் பிடித்து இழுத்தார். துணி வளைந்து கொடுத்து நீண்டது. “இதை எதன்மேல் சுற்றப் போகிறாயோ, அது எந்தப் பக்கம் இழுபடும் என்று தெரிந்துகொண்டு வெட்டு” என்றார். நான் மூன்று வாரம் படித்து மண்டையில் ஏறாதது அரை நிமிடத்தில் ஏறியது. மிதிக்கும்போது குழாய் வளையும். அதைத் தாங்கக் குழாயின் நீளத்தோடு ஓடும் இழை வேண்டும். முறுக்கும், அதற்கு 45 பாகைச் சாய்வில் இரு பக்கமும் ஓடும் இழை வேண்டும். கல் மோதினால் நசுங்கும். அதற்கு வளையம்போல் குறுக்கே சுற்றிய இழை கொஞ்சம் வேண்டும். ஒரே திசையில் இழை ஓடும் தனி அடுக்கு ஒன்று 10 பாகை விலகினாலே அதன் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கண்ணுக்கு 10 பாகை ஒன்றும் தெரியாது.

அப்பா இன்னொன்றும் கேட்டார்: “இதற்கும் கஞ்சி போட்டிருக்கிறார்களா?” போட்டிருக்கிறார்கள். பாவு நூல் தறியில் பிசிராமல் இருக்க நாம் கஞ்சி போடுவதுபோல, 7 மைக்ரான் கனமுள்ள கார்பன் இழைக்கும் ஒரு பூச்சு உண்டு. அது எபாக்ஸியோடு ஒட்டுவதற்கும் உதவுகிறது. ஆகவே இந்தத் துணியை அலசக் கூடாது, எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. ரீவைண்டிங் கடைக்காரனுக்கு எண்ணெய் இல்லாத கை எங்கிருந்து வரும்? கையுறை போட்டுக்கொண்டேன்.

அச்சு: ஐந்து பேர் சேர்ந்தால் மட்டும்

அச்சு முறை பெரிய தொழிற்சாலைகளின் வழி. 1986இல் அமெரிக்காவின் கெஸ்ட்ரல் 4000 ஃபிரேமை அச்சில் வார்த்துக் காட்டிய பிறகு, குழாய்களைக் கோத்து ஒட்டுவதுதான் ஃபிரேம் என்ற எண்ணம் மாறியது. இரண்டு பாதிகளாக உலோக அச்சு. உள்ளே ரெசின் (எபாக்ஸிபோல் இறுகும் பிசின்) ஏற்கனவே ஊறிய துணி அடுக்குகள். நடுவில் ஒரு பலூன். அச்சை மூடிப் பலூனில் காற்றடித்துச் சூடாக்கினால், துணி அச்சின் சுவரோடு அழுந்தி இறுகும். வெளியே வரும் பொருள் கண்ணாடிபோல் இருக்கும்.

வீட்டில் இதைச் செய்ய முதலில் ஃபிரேமின் மாதிரியை மரத்திலோ ஃபோமிலோ பளபளவென்று செய்ய வேண்டும். பிறகு அதன்மேல் ஃபைபர்கிளாஸில் இரண்டு பாதி அச்சு. நாற்காலியும் தண்ணீர்த் தொட்டியும் செய்யும் ஃபைபர் பட்டறைக்காரர்கள் அச்சு எடுப்பதில் கெட்டிக்காரர்கள், அவர்களிடம் கொடுக்கலாம். ஆக, ஒரு ஃபிரேமுக்காக மூன்று ஃபிரேம் அளவு வேலை. ரெசின் ஊறிய துணியை 18 டிகிரி உறைநிலைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது தனிச் சிக்கல். வீட்டு ஃபிரீசர் சமாளிக்கும். ஆனால் மே மாதத்தில் பார்சல் லாரியில் அது சேலம் வந்து சேரும் கதையை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் பணம், உழைப்பு பற்றிய குறைகள். நான்காவது கட்டத்தில் அச்சுக்கு என்ன மதிப்பெண்? பூஜ்யம். பலூன் நகர்ந்ததா, உள் அடுக்கு மடிந்ததா என்பது மூடிய அச்சுக்குள் தெரியாது. திறந்தால் வெளிப்பரப்பு மின்னும். மின்னுவதைப் பார்த்து நாம் ஏமாறுவோம். தொழிற்சாலைக்காரர் பத்து ஃபிரேமை அறுத்துப் பார்த்துப் பதினோராவதை விற்பார். நாம் செய்வது ஒன்றே ஒன்று. அதை அறுத்துப் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, முன்குழாயின் சாய்வை ஒரு பாகை மாற்ற வேண்டும் என்று பிறகு தோன்றினால் அச்சைத் தூக்கி எறிய வேண்டும். ஒரே அளவு உயரமுள்ள நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் யோசிக்கலாம். அப்படி ஐந்து பேரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஃபோம்: அழகும் அடியில் ஒரு மடிப்பும்

என் முதல் ஃபிரேம் ஃபோம் வழியில் செய்தது. கெட்டியான பாலிஸ்டைரின் பலகையைச் சூடான கம்பியால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஃபிரேமின் வடிவத்தைக் கொண்டுவந்து, அதன்மேல் துணியும் எபாக்ஸியுமாகச் சுற்றுவது. எந்த வளைவும் கைக்கு வரும். செலவு சொற்பம். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் இந்த ஃபோம் கரைந்துவிடும். எபாக்ஸி ஒன்றும் செய்யாது. இறுகிய பிறகு அசிட்டோன் ஊற்றி ஃபோமைக் கரைத்து வெளியேற்றலாம், உள்ளேயே விட்டாலும் கூடுதல் எடை சுமார் நூறு கிராம்தான். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும் வழி இது. நான் விழுந்ததும் அந்த ஆசையில்தான்.

மூன்று வாரம் ஊருக்குள் ஓட்டினேன். நான்காவது ஞாயிறு அதிகாலை அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவுக்கு அப்பால் ஒவ்வொரு வலது மிதிக்கும் கீழே ‘டிக்’ என்றது. பெடலைச் சந்தேகித்தேன், இறுக்கினேன். சீட் கம்பியைச் சந்தேகித்தேன், கழற்றி மாட்டினேன். ‘டிக்’ போகவில்லை. மேலே போய் ஏரிக்கரையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் ‘டங் டங்’. கீழ்க்குழாய் மிதி அச்சோடு சேரும் இடத்துக்கு நான்கு விரல் முன்னே மட்டும் ‘தொப்’. பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒருவர், “பானை வாங்குகிற மாதிரி தட்டுகிறீர்களே” என்றார். அதேதான். விரிசல் விட்ட பானையும் அப்படித்தான் ஒலிக்கும். சைக்கிளைப் பஸ்ஸின் மேல் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கடையில் ஹேக்ஸா பிளேடால் அந்த இடத்தை அறுத்தேன். வெளி அடுக்குகள் இரண்டும் மாசு மருவற்று இருந்தன. அவற்றின் அடியில் நான்காவது அடுக்கு ஒரு நூல் கனத்துக்கு மடிந்து, மடிப்பின் வயிற்றில் மஞ்சளாக ரெசின் தேங்கி, அதை ஒட்டி நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. நடந்தது இதுதான்: அழுத்தம் வரவேண்டும் என்று மேலே டேப்பை இறுக்கிச் சுற்றினேன்; ஃபோம் உள்ளே அமுங்கியது; சுற்றளவு குறைந்தது; மிஞ்சிய துணிக்குப் போக இடமில்லாமல் மடிந்தது. மடிந்த இழை இழுவிசையைத் தாங்காது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது, ஏனென்றால் எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில், ஈரத்தோடு ஈரமாகச் சுற்றினேன். ஃபோம் வழியில் தப்பு தெரிவது ஏழாவது கொண்டை ஊசி வளைவில்.

குழாய்: ஒவ்வொரு அடுக்கையும் பார்க்கலாம்

இரண்டாவது ஃபிரேம் குழாய் வழி. தயார் கார்பன் குழாய்களை, ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தும்படி நுனியை மீன்வாய்போல் வெட்டி, ஜிக்கில் (குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில்) நிறுத்தி, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியால் பொட்டு வைத்து நிலைநிறுத்தி, பிறகு மூட்டில் மட்டும் அடுக்கடுக்காகச் சுற்றுவது.

குழாயை வாங்குவதா, உருட்டுவதா? வாங்கினால் சுவர் கனம் சீராக இருக்கும். சேர்க்க வேண்டியது மூட்டு வேலை மட்டும். உருட்டினால் ஒரு வாரமும் சில குழாய்களும் வீணாகும். ஆனால் இழையின் திசை உன் கையில். நான் உருட்டினேன். அலுமினியக் குழாயில் மெழுகு தடவி, அதன்மேல் துணியைச் சுற்றி, கடையில் வார்னிஷ் காயவைக்கும் அடுப்பில் 70 டிகிரியில் வைத்தேன். அலுமினியம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். கார்பன் ஏறக்குறைய அசையாது. மீன் கடையில் வாங்கிய ஐஸைத் தண்ணீரில் போட்டு, குழாயை அரைமணி நேரம் முக்கி வைத்து முறுக்கினால், ‘சளக்’ என்று உள்குழாய் கழன்று வரும். முதல் முறை வந்தபோது கடைப் பையனும் நானும் சேர்ந்து கத்தினோம். வீட்டுக்குள் இரண்டு நாள் மீன் வாடை.

அக்கா மகனுக்கு நான் சொன்னது: வாங்கு. ஆசை ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்தால் வேலை முடியாது.

மூட்டுதான் உயிர். குழாய் சந்திக்கும் கூர்மூலையில் இழை மடங்கக் கூடாது. அதற்காகச் சிலிக்கா கலந்த எபாக்ஸிப் பசையை மூலையில் விரலால் வழித்து, சுண்டு விரல் நுனி பதியும் அளவுக்கு வளைவு கொடுக்க வேண்டும். பிறகு 45 பாகைச் சாய்வில் வெட்டிய துண்டுகள். இடையிடையே குழாயின் நீளத்தோடு ஓடும் பட்டைகள். மொத்தம் பத்து முதல் பன்னிரண்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட ஐந்தாறு மில்லிமீட்டர் குறைவாக, படிக்கட்டுபோல் இறங்க வேண்டும். எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் குழாய் அந்தக் கோட்டில்தான் ஒடியும். நான் ஒரு நாளைக்கு மூன்று அடுக்குதான் வைத்தேன். இறுகியதும் தேய்த்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, அடுத்த நாள் அடுத்த மூன்று. நான்காவது கட்டத்தில் இந்த வழி முழு மதிப்பெண் வாங்குவது இதனால்தான். கோணல் வந்தால் பொட்டு வைத்த நிலையிலேயே நூல் பிடித்துப் பார்த்துவிடலாம். மடிப்பு வந்தால் அன்றைக்கே அறுத்து எடுக்கலாம். எடையில் நூற்றைம்பது கிராம் கூடுதல். தோற்றத்தில் மூட்டெல்லாம் கட்டுப் போட்ட கால்போல் இருக்கும். எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பின்சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கவைகளை நேர்க்குழாயால் செய்ய முடியாது. 29 அங்குலச் சக்கரத்தில் 2.3 அங்குல டயர் சுமார் 58 மில்லிமீட்டர் அகலம்; சேற்றுக்காக இரு பக்கமும் ஆறு மில்லிமீட்டராவது இடம் விட வேண்டும்; வெளிப்பக்கம் பல்சக்கரம். இந்தச் சந்துக்குள் கவை தட்டையாகி, வளைந்து, மறுபடி அகல வேண்டும். அங்கே ஃபோம்தான் வழி. ஆனால் முதல் ஃபிரேமில் அமுங்கிய அந்தப் பலகை வேண்டாம்; அமுங்காத கெட்டி ஃபோமாகப் பார்த்து, நீளவாக்கு இழையை அதிகமாக வைத்து, இதையும் மூன்று மூன்று அடுக்காகவே செய்ய வேண்டும். ஆக, என் விடை முன்பாதி குழாய், பின்பாதி ஃபோம். நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

அலுமினிய மூட்டுக்குள் கார்பன் குழாயைச் செருகி ஒட்டும் வழியும் உண்டு. 1986இல் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை வென்ற லுக் நிறுவனச் சைக்கிள் அந்த வகை. ஒட்டு விட்டுப் போனால் வெளியில் தெரியாது என்பதால் நான் அதில் இறங்கவில்லை. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள ஃபிரேமைப் பற்றியும் அக்கா மகன் கேட்டான். முதலில் நேராக நிற்கும் ஒன்றைச் செய் என்றேன்.

உலோகத் துண்டுகளைப் பற்றி ஒன்று. மிதி அச்சு உட்காரும் உறை, பின் ஆக்சில் பிடி, பிரேக் பிடி மூன்றும் அலுமினியம். கார்பன் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வியர்வையோ மழையோ பட்டதும் அலுமினியம் அரிக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரிபோல் ஆகிவிடும். இடையில் ஒரு சுற்றுக் கண்ணாடி இழை வேண்டும். மோட்டார் சுருளுக்குக் கட்டும் கிளாஸ் டேப் கடையில் ரோல் ரோலாக இருக்கிறது, அதையே சுற்றினேன். மிதி அச்சு உறையை லேத் பட்டறையில் கடையச் சொல்லும்போது மரையை மறக்கக் கூடாது: வழக்கமான பி.எஸ்.ஏ. வகையில் வலது பக்கம் இடப்புரி மரை, இடது பக்கம் வலப்புரி. நான் படத்தில் எழுதாமல் விட்டேன். லேத்காரர் இரண்டு பக்கமும் வலப்புரியாக அழகாக வெட்டிக் கொடுத்தார். ஓட்ட ஓட்டத் தானே கழன்றுகொள்ளும் கிண்ணம். அந்த உறை இப்போது என் மேசையில் பேனா வைக்கும் குவளை.

கீழேயா, மேலேயா?

இந்த ஊருக்கே உரிய கேள்வி இது: வேலையைக் கீழே சேலத்தில் செய்வதா, மேலே ஏற்காட்டிலா? எபாக்ஸி சூட்டில் வேகமாக இறுகும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஏப்ரல் பிற்பகலில் கடையில் 200 கிராம் கலந்து கிண்ணத்திலேயே வைத்திருந்தேன். போன் பேசிவிட்டுத் திரும்பினால் கிண்ணம் புகைந்து, பிளாஸ்டிக் உருகி, மேசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே கொதிக்கும் பொருள் அது. தட்டையான தட்டில் ஊற்றி, ஐம்பது ஐம்பது கிராமாகக் கலக்க வேண்டும்.

“ஏற்காட்டில் எஸ்டேட் ஷெட் ஒன்று இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கும்” என்றார் நண்பர் ஒருவர். போய்ப் பார்த்தேன். குளிர்ச்சி உண்மை, நிதானமாகச் சுற்றலாம். ஆனால் நாகலூர்ப் பக்கம் ஐப்பசி மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்காரும். ஈரக் காற்றில் பல ஹார்டனர்கள் மேலே மெழுகுபோல் ஒரு படலம் விடும். அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த அடுக்கை வைத்தால் ஒட்டாது. இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. வெற்றிடப் பையில் வைத்து, பம்பால் உள்காற்றை உறிஞ்சி அழுத்த விரும்புகிறவர்களுக்கு அழுத்தம் தருவது பம்பு அல்ல, வெளியே இருக்கும் காற்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1500. மேலே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. பையின் பிடியும் அவ்வளவு குறையும். அதே பம்பு, அதே பை, மலைமேல் கொஞ்சம் தளர்வு.

ஆக, கீழேயே, ஆனால் தை, மாசியில், காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள். வெற்றிடப் பைக்கும் நான் செலவழிக்கவில்லை. ஃபிரேம் மூட்டு மூன்று பக்கமும் கிளை விடுகிற பொருள். அதன்மேல் பையை மடிப்பின்றி மூடுவதற்குள் ரெசின் இறுகிவிடும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி இறுக்கிச் சுற்றி, குண்டூசியால் நெடுகக் குத்திவிட்டால், மிகுந்த ரெசின் முத்து முத்தாக வெளியே வரும். குழாய் அமுங்காது என்பதால் இங்கே டேப் துணியை மடக்குவதில்லை. அதே டேப்தான் ஃபோமில் என்னைக் கவிழ்த்தது.

முடிந்ததும் சூடு கொடுப்பதைத் தவிர்க்கக் கூடாது. அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கறுப்பு ஃபிரேமை மே மாத வெயிலில் கார் கூரைமேல் கட்டிப் போனால் அந்தச் சூடு சாதாரணமாக வரும். மெல்ல மெல்ல ஏற்றி, 70, 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் அந்த வரம்பு உயரும். என் கடையில் அடுப்பு உண்டு. இல்லாதவர்கள் பிளைவுட் பெட்டிக்குள் குண்டு பல்புகளை எரியவிட்டுத் தெர்மாமீட்டர் வைத்துச் செய்யலாம். தெர்மாகோல் பெட்டி வேண்டாம், அதுவே இளகும்.

தூசியைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். கார்பன் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகமூடி போட்டு, தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். அது மின்சாரத்தையும் கடத்தும். உலர்வாக அறுத்த ஒரே நாளில் என் கிரைண்டர் உள்ளே பொறி தட்டி நின்றது. ஊர் மோட்டாரையெல்லாம் பழுது பார்க்கிறவன் தன் மோட்டாரை எரித்துக்கொண்டான்.

என் இரண்டாவது ஃபிரேம் 1.62 கிலோ. முதலாவதில் வீணானதைச் சேர்க்காமல் கையிலிருந்து போனது இருபத்தெட்டாயிரம் ரூபாய். கூலி கணக்கில் இல்லை. மலைச் சைக்கிள் ஃபிரேமுக்கான ஐ.எஸ்.ஓ. 4210 சோதனையில் பெடலில் 1200 நியூட்டன் விசையை மாற்றி மாற்றி ஒரு லட்சம் முறை கொடுப்பார்கள். அந்த இயந்திரம் என்னிடம் இல்லை. மிதி அச்சின் பக்கவாட்டில் 50 கிலோ தொங்கவிட்டு, டயல் கேஜ் வைத்து, எவ்வளவு வளைகிறது என்று குறித்துச் சுவரில் எழுதியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தொங்கவிடுவேன். எண் மாறினால் ஓட்ட மாட்டேன். இதுவரை மாறவில்லை. நாணயம் எப்போதும் சட்டைப்பையில்.

அக்கா மகனை நேராக ஃபிரேமில் கைவைக்க விடவில்லை. இரண்டு குழாய்த் துண்டுகளை டி வடிவில் சேர்த்து ஒரு மூட்டு செய், வைஸில் கட்டி உடை, உடைந்ததைக் கொண்டு வா என்றேன். குழாய் உடைந்து மூட்டு நின்றால் மேலே போகலாம். மூட்டு விட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

போன ஞாயிறு கொண்டு வந்தான். குழாய் முழுதாக இருந்தது. பன்னிரண்டு அடுக்குச் சுற்றும் ஒரே உறையாக, வேர்க்கடலைத் தோல்போல் கழன்று வந்திருந்தது. உறையின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்; பளபளவென்று இருந்தது. குழாயின் மேலும் அதே பளபளப்பு. சுற்றுவதற்கு முன் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்க மறந்திருக்கிறான். திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவனே நோட்டைப் பிரித்து, நான்காவது கட்டத்தில் ‘முதல் நாளே தெரிந்தது’ என்று எழுதிவிட்டு, எண்பதாம் நம்பர் உப்புத்தாள் எங்கே இருக்கிறது என்று கடைப் பையனைக் கேட்டான்.